நாற்பத்திரண்டு விழுக்காடு

யீஷூனில் ஏழாவது மாடி.
துணி காயாத டிசம்பர்.
விளக்கெரியும் இந்தச் சின்ன அலமாரிக்குள் மட்டும்
ஈரப்பதம் நாற்பத்திரண்டு.
வாங்கிவந்த அன்று மெஹருன் கேட்டாள்,
இதில் சாக்லேட் வைக்கலாமா?
இருநூற்று எண்பது வெள்ளி கொடுத்து
காற்றைப் பிழியும் பெட்டியை
யார் வாங்குவார்கள் என்றும் கேட்டாள்.

பூஞ்சை முந்திக்கொண்ட பிறகு வாங்கியவன் நான்.
பிஸ்கட் டின்னில் பதினோரு ஆண்டு கிடந்த சுருள்களில்
மூன்றில் வெள்ளை வேர் ஓடியிருந்தது.
ஜெலட்டின்தான் அதற்குச் சோறு.
தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் கூரையைத் தின்றுவிட்டு
நடைமேடையில் நிற்கும் மைத்துனன் ஜப்பாரின்
இடது தோள்வரை இறங்கி
ஏனோ அங்கேயே நின்றிருந்தது.

ஊதுபந்து, பருத்திக் கையுறை,
ஆறு ஆறாக நறுக்கிய துண்டுகள்.
இரவு வேலை இல்லாத நாள்களில் உட்காருவேன்.
ஒரு படத்துக்கு ஸ்கேனர் நான்கு நிமிடம் முனகும்.
தூசி நீக்கும் பொத்தானை
முதலில் நம்பித்தான் அழுத்தினேன்.
தூசி போனது.
செம்பவாங் கடலுக்கு மேல் பறந்த வெள்ளைப் பட்டமும் போனது.
மெஹருனின் மூக்குத்தியும்.
புள்ளி என்றால் புள்ளிதான் அதற்கு.
மறுபடி எடுத்தேன், தூசியோடு.

மூன்று பிரதி வேண்டுமாம்.
ஒன்று இங்கே, வன்வட்டில்.
ஒன்று ஜூரோங்கில் ஜப்பார் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால்
(பாஸ்போர்ட்டையும் அங்கேதான் வைப்பான்).
மூன்றாவது மேகத்தில்.

மேகத்துக்குப் பயந்துதானே
அலமாரியே வாங்கினேன்?
நாலு மணிக்குக் கறுத்து
சன்னல் கம்பியெல்லாம் கொட்டித் தீர்க்கும் அதன் பெயரை
மாதவாடகை கேட்கும் ஓர் இடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.
வாடகை கட்டுகிறேன்.
போன ஆண்டு ஒரு வட்டு
பல்லி போல நான்கு முறை சொடுக்கிவிட்டுச் செத்தது.
அதிலிருந்த எழுநூறு படங்களையும்
சுருளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
இருநூற்றுப் பதினாறில் இருக்கிறேன்.

நேற்று என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி
குழல்விளக்குக்கு நேரே பிடித்தாள் மெஹருன்.
கையுறை போடு என்றேன்.
போடவில்லை.
தொண்ணூற்று மூன்று, பொங்கோல் படகுத்துறை,
நிக்காஹ் முடிந்து ஒன்பதாம் நாள்.
வானம் கறுப்பு, பல் கறுப்பு.
தலைமுடி மட்டும்
நுனிவரை வெள்ளை.

"இப்ப எப்படி இருக்கேனோ
அப்படியே இருக்கேன் பாருங்க இதுல.
நீங்கதான் மெஷின்ல போட்டு
மாத்தி மாத்தி வைக்கிறீங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தன் பல்லையே கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்துவிட்டு
கறி கருகுகிறது என்று உள்ளே போனாள்.

வானத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் ரேகை
சுழிசுழியாக.
துடைக்கும் திரவம் இழுப்பறையில் இருக்கிறது.
அப்படியே ஸ்கேனரில் வைத்தேன்.
இருநூற்றுப் பதினேழு.
மூன்று இடத்துக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பினால்
அலமாரி நாற்பத்தேழு காட்டுகிறது.
இவ்வளவு நேரமும்
கதவைத் திறந்தே போட்டிருந்தோம்.