ஐம்பத்தாறு கண்ணி

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே
ஆ செங்கின் இரும்புக்கடையில்
பேப்பர் சுற்றிய நீளப் பொட்டலத்தை அவிழ்த்தேன்.
குழாய் வாங்க வந்தவர்
ஓர் அடி தள்ளி நின்றார்.
பயப்பட ஒன்றுமில்லை,
என் மின்னல்வேக ரம்பத்தின்
நாக்கு மட்டும்தான் அது.

கடையில் அதற்குப் பெயர் பார்.
பதினாறு அங்குலம், எண்ணெய்க் கறுப்பு.
அதைச் சுற்றி ஓடிய சங்கிலி
போன ஞாயிறு மாவு கக்கியது.
கூர் இருந்தால் சீவல் வரும்,
மழுங்கினால் மாவு.
மாவோடு புகையும் வந்தது.
சிவநேசன் வீட்டு ஜன்னல்கள்
ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

நான் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா.
கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நடுகிற தோட்டத்தில்
மிஞ்சும் கட்டைகளை
லோரிக்காரரிடம் பேசி வாங்கி
முக்காலி செய்கிறேன்.
விற்பதில்லை.
வீட்டில் பதினொன்று சேர்ந்துவிட்டது.
உட்கார மூன்று பேர்.

ஆ செங் இரண்டு பார் எடுத்து வைத்தார்.
ஒன்று நூற்று நாற்பத்தைந்து வெள்ளி,
நகைபோல அட்டைப் பெட்டியில்.
மற்றது முப்பத்தெட்டு,
பிளாஸ்டிக் பையில்,
ஒட்டிய பெயர்ச்சீட்டு பாதி கழன்று.
“அக்கா, இது கொந்திராக்டர் வாங்கறது.
இது நீங்க வாங்கறதுலா.”

கோபம் வந்தது.
பிறகு கணக்குப் போட்டேன்.
ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு.
மழைக்குப் பதினைந்து போச்சு.
கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பத்து.
சும்மா படுத்துக் கிடந்தது எட்டு
(உண்மையில் பன்னிரண்டு இருக்கும்).
மிச்சம் பத்தொன்பது என்றே வைப்போம்.
ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம்.
என் ஒரு வருஷத்தைக் கொந்திராக்டர்
ஒன்றரை நாளில் அறுத்து முடித்து
தே தாரேக் குடிக்கப் போய்விடுவார்.
அவர் தேய்மானத்துக்கு
நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

விலையில் இறங்கலாம்.
கண்ணியில் இறங்க முடியாது.
ஒன்று குறைந்தால் சங்கிலி மாட்டாது,
ஒன்று கூடினால் தொங்கும்.
பழையதை மேசையில் பரப்பி எண்ணினேன்,
ஐம்பத்தாறு.
ஆ செங் எண்ணினார்,
ஐம்பத்தைந்து.
கல்லாவிலிருந்து மகள் ஹூய் லின் எழுந்து வந்து
முதல் கண்ணியில் ரப்பர் பேண்டைக் கட்டிவிட்டு எண்ணினாள்,
ஐம்பத்தாறு.
“நடுவுல போன் வந்துச்சு” என்றார் அப்பா.
போன் வரவில்லை.

தோற்ற கண்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்
என் பாரைத் தூக்கிப் பார்த்தவர்
புருவத்தைச் சுருக்கினார்.
கீழ்விளிம்பு பிசிர் பிசிராக, விரல் வைத்தால் கிழிக்கும்.
மேல்விளிம்பு
வாங்கிய நாள்போல.
“அக்கா, திருப்பிப் போட்டதே இல்லையா?”

மூன்று வருஷம்.
பள்ளியில் கோப்புகளின் முதுகைக்கூட
வரிசை பார்த்து நேராக்குகிறவள் நான்.
பாரில் பொறித்த எண்கள் நேராக நிற்கவேண்டும் என்று
ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து மாட்டியிருக்கிறேன்.

ஆ செங் பிசிரைத் தேய்த்தார்,
பள்ளத்தில் சங்கிலியை நிறுத்தி
சாய்கிறதா என்று அசைத்தார்.
சாயவில்லை.
“இன்னும் ஓடும்” என்று சொன்ன பிறகுதான்
முப்பத்தெட்டு வெள்ளியைத் தானே கெடுத்துக்கொண்டது
அவருக்கு உறைத்தது.
இரண்டு பாரையும் மெதுவாக
அலமாரிக்குத் திருப்பி அனுப்பினார்.

மலிவுச் சங்கிலி இரண்டு, நாற்பத்து நான்கு.
உருட்டு அரம் ஏழு, தட்டை அரம் ஒன்பது.
“சீக்கிரம் மழுங்கும்” என்று எச்சரித்தார்.
மழுங்கட்டும்.
இரும்பு மெத்தென்றிருந்தால் அரத்துக்குப் பணியும்,
எனக்கும் இருட்டும் வரை வாசலில்
ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

ஞாயிறு.
எண்கள் தலைகீழாக நின்றன.
முதல் வெட்டிலேயே
நீள நீளமாகச் சீவல் பறந்து
செருப்புக்குள் புகுந்தது.
சிவநேசன் வீட்டில்
ஒரு ஜன்னல் மட்டும் திறந்தே இருந்தது,
ஆள் இல்லையோ என்னவோ.

பன்னிரண்டாவது முக்காலிக்கு
ஒரு கால் குட்டை.
சங்கிலியைக் குறை சொல்ல முடியாது.