மூன்று ஏ

நாலு காசு பார்க்கத்தான் விமானம் ஏறினேன்.
வந்து இறங்கிய ஊரில்
நாலே கிடையாது.

லிஃப்டில் ஒன்று, இரண்டு, மூன்று,
அப்புறம் மூன்று ஏ,
அப்புறம் ஐந்து.
பொத்தான் பலகை மாட்டியவன் குடித்திருப்பான் என்று
முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.
தனபாலன் சிரித்தார்.
செந்தூலில் பிறந்தவர், எனக்கு மேலாள்.
"சீனவங்களுக்கு ஆகாதுலா இசக்கி.
அவங்க பேச்சுல நாலும் சாவும்
கிட்டத்தட்ட ஒரே சத்தம்."

நாலு எழுத்து படி,
நாலு இடம் போய்ப் பார்,
நாலு பேர் மதிக்கிற மாதிரி இரு:
நாலை நம்பியே வளர்ந்தவன் நான்.
கடைசியில் தூக்கிப் போகவும்
நாலு பேர் என்றுதான் நாங்களும் கணக்கு வைத்திருக்கிறோம்.
அதைத் தனபாலனிடம் சொல்லவில்லை.

இங்கே நான் கற்ற முதல் சொல் ரோசாக்.
பழுது என்று அர்த்தம்.
மஞ்சள் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டால்
சனங்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் படியேறுவார்கள்.
அறையில் என்னோடு இருக்கும் சொஹாக், டாக்காக்காரன்,
பெர்மிட் புதுப்பிக்காத மூன்று மாதமும்
அதில் ஒன்றைத் தன் கட்டில் காலில் மாட்டியிருந்தான்.
சிரித்தோம்.
மூன்றாம் மாதம் சிரிக்கவில்லை.

ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்று பேர்.
ஒரு தே குடித்தாலும்
வெள்ளியை ரூபாயாக்கிப் பார்க்கும் மூளைக்கு
எந்த அட்டையும் மாட்ட முடியவில்லை.

"எத்தனாவது மாடியில இருக்கிய?"
மாரிக்கனி போனில் கேட்கிறாள்.
மூணுக்கு மேல, அஞ்சுக்குக் கீழ.
"நாலுன்னு சொன்னா வாய் வலிக்குமோ?"
வலிக்காது.
ஆனால் அந்த விலாசத்துக்குத் தபால் வராது.

செராஸில் ஒரு விடிகாலை, ஆறரை மணி.
இந்த ஊரில் ஆறரைக்கும் இருட்டுதான்.
இடி விழுந்து மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டியதில்
மூன்று ஏ-க்கு ஒரு முழம் கீழே
லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே ஆள்.

சாவி போட்டுக் கதவை நெம்பினேன்.
உள்ளங்கை அகலம் திறந்தது.
பயப்படாதே என்று மலாயில் சொல்லப் போய்
சொல் பாதியில் நின்றது, லிஃப்ட் மாதிரியே.
உள்ளிருந்து சிரிப்பு.
"தமிழா? அப்ப தமிழ்லயே பயமுறுத்துங்க அண்ணே."

பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடிந்து வருகிறாள்.
சட்டையில் பெயர் அட்டை: யோகமலர்.
மேலே தனபாலன் பிரேக்கைத் தளர்த்தும் வரை
இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.
"எந்த மாடியில நிக்குது இது?"
"நாலுல."
"இங்க ஏது நாலு?"
"நீங்க நிக்கிறீங்களே, அது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
காற்றாடிகூட ஓடவில்லை.
அப்புறம் அவள் கேட்டாள்:
"நீங்க பசியாறிட்டீங்களா?"

காபி ஆறும், புண் ஆறும்,
அடித்தவன் மேல் கோபம்கூட ஆறும் எங்கள் ஊரில்.
சாப்பிட்டாச்சா என்பார்கள்,
பதிலுக்கு நிற்காமல் நடந்துகொண்டே.
பசி ஆறியதா என்று
மாட்டிக்கொண்ட ஒருத்தி
மீட்க வந்தவனைக் கேட்கிறாள்.

இல்லை என்றேன். பொய் சொல்ல நேரமிருந்தும்.

இடுக்கில் ஒரு பொட்டலம் நீண்டது,
நாசி லெமாக், இலையின் சூடு விரலில் பட்டது.
"பாதி எடுத்துக்குங்க. முட்டை எனக்கு."

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறியது.
கதவு திறந்ததும் பாக்கியை வாங்கிக்கொண்டு
படியில் நடந்தே போனாள் பதினொன்றாம் மாடிக்கு.
திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கம் அவளுக்கு.

நின்ற இடம் என்ற கட்டத்தில்
அறிக்கைத் தாளில் 4 என்று எழுதினேன்.
தனபாலன் அடித்துத் திருத்தினார்.
"ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்கலா."

தலையாட்டினேன்.
சம்பல் உறைப்பில் மூக்கு ஒழுகியது.
எதிர்க் கட்டடத்தில்
ஒவ்வொரு மாடியாக விளக்கு எரியத் தொடங்க
கீழிருந்து எண்ணினேன்,
எங்கள் ஊர்க் கணக்கில்.