நானூற்றுப் பதினேழு

எட்டு வாரம் நிறைகிற நாள்
எதிர்சேவையன்று வந்து விழுந்தது.
சுண்டெலிகளிடம் பஞ்சாங்கம் இல்லை.
காளவாசலோடு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.
நாகமலை அடிவாரம் வரை ஷேர் ஆட்டோ,
அப்புறம் வெயில்.

சோணை அண்ணன் லீவு.
தோல்பையும் துருத்தியும் கட்டிக்கொண்டு
தண்ணீர் பீய்ச்சப் போயிருப்பார்.
போகும் முன் கூண்டறைப் பலகையில்
சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்:
'மூணாங்கூண்டு பாட்டில் ஒழுகுது. பாத்துக்கம்மா.'

உள்ளே இருபத்திரண்டு டிகிரி.
இந்த ஊரில் சித்திரை நுழையாத ஒரே அறை.

417. ஆண். மரபணு மாற்றியவன்.
காது மடலில் துளையிட்டு எண் வைத்தது நான்தான்.
இன்னொரு காதை
அவன் பிறக்கும் முன்பே எடுத்திருந்தோம்:
செல்லின் தோலில் நின்று
'வளர்' என்ற சொல்லைக் கேட்கிற ஏற்பி.
சொல்லுக்குக் குறைவில்லை.
பதில் வராத வீட்டு வாசலில்
தண்டல்காரன் குரல் ஏறுவது மாதிரி
இவன் ரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகச் சத்தம்.
கேட்கத்தான் ஆளில்லை.

கூடப் பிறந்த 416, மாற்றாதவன், இருபத்தாறு கிராம்.
இவன் பன்னிரண்டு.
உள்ளங்கையில் கனமே தெரியவில்லை,
படபடப்பு மட்டும்.

முறைப்படிதான் செய்தேன்.
அதை எழுதப்போவதில்லை.

நான்கு தசமம் காட்டும் தராசு.
மூச்சு பட்டாலும் எண் மாறும்.
கல்லீரல் 0.58. அண்ணன்காரனுக்கு 1.41.
ஒரு சிறுநீரகம்
பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெரிது.
ஜெராக்ஸ் கடையில் சுருக்கி எடுப்பது போல
எல்லாமே பாதி பாதியாய் இருக்கும் என்றுதான்
வகுப்பில் வரைந்து காட்டியிருந்தேன்.

மூளை 0.40.
அண்ணனுக்கு 0.45.

தட்டைத் துடைத்து, பூஜ்யமாக்கி, மறுபடி வைத்தேன்.
அதே எண்.
உடம்பில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தவன்
இதில் நாலைந்து கடுகுதான் விட்டிருக்கிறான்.
யார் யாரிடம் கேட்டார்கள்?
ஈரலிடம் 'நீ குறைத்துக்கொள்' என்று சொன்னது யார்?

ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை.
பால் அரை லிட்டரானது.
கேபிள் போனது.
அப்பாவின் சர்க்கரை மாத்திரை
ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது
எங்களுக்குத் தெரியாமலே ஆனது.
கூடி உட்கார்ந்து யாரும் முடிவெடுக்கவில்லை.
மதியம் சாப்பிடாமல் பஸ் காசு மிச்சம் பிடித்த நான்
இந்த வீட்டின் சிறுநீரகம் நான்தான் என்று
கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன்.

நேற்று பீரோவில் வேறெதையோ தேடும்போது
ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு கிடைத்தது.
என் ஆராய்ச்சிக் கட்டணம்.
ஒரு பருவம்கூடத் தப்பவில்லை.
அபராதம் என்ற கட்டத்தில்
எல்லா ரசீதிலும் ஒரு கோடு.

மூளையை ஃபார்மலினில் போட்டு
எண் எழுதி ஒட்டினேன்.
ஆறு ஒரு தடவை ஏழாகிவிட்டது. கிழித்து மறுபடி எழுதினேன்.
தூரத்தில் வேட்டுச் சத்தம்.
அந்நேரம்தான் மூணாங்கூண்டு ஞாபகம் வந்தது.

பாதி உமி நனைந்திருந்தது.
பாட்டிலை மாற்றினேன், உமியை அள்ளினேன்.
அடுத்த வாரம் எட்டு வாரம் ஆகிறவர்கள்
காய்ந்த மூலையில் ஏழு பேர்
ஒருவர் மேல் ஒருவராய் ஏறித் தூங்குகிறார்கள்.
எவன் சிறியவன்,
எவனுக்குள் சத்தம் அதிகம்,
மேலேயிருந்து பார்த்தால் தெரியவில்லை.