இரண்டு கறுப்பு

நாலாயிரத்து இருநூறு பீஸ் டி-ஷர்ட்டை
"கறுப்பு ஒரு படி கூடுதல்" என்று தள்ளிவிட்டு
கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும் முன்
பையர் என் சட்டைப்பையில் செருகிய சுருட்டு இது.
ஆறுதலா, அபராதமா, கேட்கவில்லை.

மங்கலம் ரோடு. மொட்டைமாடி.
கீழே நைட் ஷிப்ட் பாய்லர் இரைகிறது.
சரி, நானும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிறேன்.

வெளியிலை: எண்ணெய் குடித்த செக்குலக்கை.
டியூப்லைட்டுக்கு ஒரு நிறம்,
செல்போன் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் செம்மை.
இப்படி விளக்குக்கு விளக்கு மாறியதற்காகத்தான்
போன தீபாவளிக்கு முன் ஒரு லாட்டே திரும்பி வந்தது.
நரம்பு மூன்று தடித்திருக்கிறது. மைனர்.
தலைப்பக்கம் ஊசிமுனை ஓட்டை.
பனியனில் என்றால் மேஜர்;
இதில் விட்டுவிடுகிறேன்,
புழு போட்டது, ஊசி போட்டதல்ல.

பற்றவைக்காமல் ஒரு இழுப்பு:
மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டை.

நூல் வெட்டும் ட்ரிம்மரால் தலையைக் கிள்ளினேன்.

முதலில் மிளகு. நாக்கோரம் சுரீர்.
அப்புறம் கவுந்தப்பாடிக் கொப்பரையில்
அடிப்பிடித்த வெல்லப்பாகு.
அதன் பின்னால், வெகு தூரத்தில், வறுத்த கொள்ளு.
புகையை விழுங்கக் கூடாதாம்.
ஒருமுறை மறந்தேன்.
இருமி முடிக்க ஒரு சொம்புத் தண்ணீர்.

சாம்பல் ஒரு அங்குலம், உதிராமல்,
அசல் கிரே மெலாஞ்ச்.
நெருப்பு மட்டும் ஒரு பக்கம் முந்தி ஓடுகிறது,
முறுக்கு விழுந்த துணி போல.

டையிங் மாஸ்டர் குழந்தைசாமி மேலே வந்தார்.
சாயத்தொட்டி ஆவியில் இருபத்திரண்டு வருசம்,
மூக்கு செத்துப்போன மனுசர்.
நீட்டினேன். இழுக்கவில்லை.
லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்
விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுலயே ரெண்டு கறுப்பு கெடக்குதுங்களே!
இலை மேல இலை ஏறுன எடம்
அடர்த்தியா இருக்குது பாருங்க."

இருந்தது.
நரம்பையும் ஓட்டையையும் எண்ணியவன்
அதைத் தவறவிட்டிருக்கிறேன்.
பெட்டி பெட்டியாக வாங்கும் பையரும்.

கடைசி மூன்றில் ஒரு பங்கு கசப்பு,
தார், சூடு, விரல் சுடும் அவசரம்.
அதையும் விடவில்லை.
காசு கொடுத்து வாங்கியது என்பதால் அல்ல;
நாலாயிரத்து இருநூறு பீஸின் விலை என்பதால்.

தீர்ப்பு: பாஸ்.
கையெழுத்துப் போட ஆள் இல்லை.

விடிந்தால் காதர்பேட்டைக்காரர் தராசோடு வருவார்.
கிலோவுக்கு இவ்வளவு என்பார்.
அவர் கணக்கில்
கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு.