நாலாவது கதவு

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு.
சீமையில் வரைந்து மெட்ராஸில் பூட்டிய வண்டி.
கொழும்பிலிருந்து மச்சான் தந்தியில் பெயர் சொல்லி
கீழக்கரைத் தெருவுக்குள் அது நுழைந்த அன்று
சங்குக் கிட்டங்கி ஆட்கள் வேலையை விட்டு வந்தார்கள்.
சாத்தையா பானெட்டைத் தூக்கினார்:
மூக்கு, விளக்கு, மட்கார்டு எல்லாம் ஒன்றாக
கொடுவா வாய் பிளந்தாற்போல் முன்னால் சாய்ந்தது.

என் இடம் பின்னால்.
முன்சீட்டு மடங்கினால்தான் எனக்கு இறக்கம்.
முன்சீட்டில் மாமா.

சேதுக்கரைப் பக்கம் மணலில் சக்கரம் புதைந்தது.
ஆண்கள் இறங்கி
என்ஜினைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள்,
லுஹர் தொழுதார்கள்.
மடக்க மறந்த சீட்டுக்குப் பின்னே
ஏழு மாத வயிற்றோடு நான்
கண்ணாடியில் விரலால் என் பெயரை எழுதினேன்.
உப்புத் தூசியில் எழுத்து நன்றாக நின்றது.

பிறகு கம்பெனிக்காரன் நாலு கதவு வைத்தான்.
நம்ம ஊர்க் குடும்பத்துக்குத் தக்கபடி என்றார் ஏஜெண்ட்.
யார் போய்ச் சொன்னது? நான் சொல்லவில்லை.
பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்தோம்.
வெள்ளை. அதே முனகல்,
வளைவில் அதே பின்கால் தடுமாற்றம்.

அதே மணல். அதே இடம் என்று சத்தியம் செய்வேன்.
"இரு" என்றார் மாமா.
கைப்பிடி சுட்டது. இழுத்தேன்.
செருப்புக்குள் மணல் ஏறியது.
அலை தெரிகிற மேடு வரை நடந்து
அவர்கள் தள்ளி முடிக்கும் மட்டும் நின்றேன்.

ஆறு வருடத்தில்
துரு முதலில் தின்றது என் கதவின் அடியைத்தான்.
கயிறு போட்டுக் கட்டட்டுமா என்றார் சாத்தையா.
வேண்டாம் என்றேன்.
ஆடட்டும்.