பதினேழாவது கட்டம்

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைகளில்
ஏழு மணிக்கே நெருப்பு எழும்.
அதற்குள் போய்விட வேண்டும்
ஐஸ் பெட்டியோடு.

அர்த்தநாரி டப்பாவை நீட்டும்போது
எப்போதும் வேறு பக்கம் பார்ப்பார்.
பற்றவைக்கும் அனலுக்கு முன்னால்
மதியம்வரை ஒரு சொம்புத் தண்ணீர்தான், முன்பெல்லாம்.
"எந்திரிச்சுப் போனா பத்து முத்து போயிடும் மேடம்."
இப்போது பாட்டிலில் கோடு போட்டுக் குடிக்கிறார்.
மாத்திரை தவறுவதில்லை.
தட்டுவடை செட் மட்டும் சனிக்கிழமை;
அதையும் ஒப்புக்கொண்டுவிடுவார்.
மூன்று வருடமாக அவர் சிறுநீரில்
புரதம் ஏறவில்லை.

சூரமங்கலத்து வாடகை அறையில்
மைனஸ் எண்பதில் உறைந்திருக்கின்றன
நாலாயிரத்துச் சொச்சம் குழாய்கள்.
கரண்ட் போனால்
டாக்டர் கோதைநாயகியின் கைக்காசில் டீசல்.

மார்ச்சோடு நிதி முடிகிறது.
புதுப்பிக்கும் படிவத்தில் பதினேழாவது கட்டம்:
இதுவரை கண்ட விளைவை விவரிக்கவும்.

டயாலிசிஸ் மெஷின் என்றால்
ரிப்பன் வெட்டலாம், பெயர் பொறிக்கலாம்.
வராத நோய்க்கு
எந்தச் சுவரில் கல் பதிப்பது?

'ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதி
டாக்டரே சிரித்து அழித்தார்.
பிறகு இன்னொரு பட்டியலைத் திறந்தார்.
அடுத்த தெரு.
சீட்டுக் குலுக்கியதில்
வழக்கமான சிகிச்சை மட்டும் விழுந்த தெரு.
ஒன்பது பேருக்கு ஏறியிருக்கிறது.
நான்காவது பெயர் குமரவேலு,
அர்த்தநாரியின் மச்சான்.

கட்டம் நிரம்பியது.

நாளை விடிந்ததும்
அந்தத் தெருவுக்கும் போக வேண்டும்.
குமரவேலு டப்பாவை
முகம் பார்த்துத்தான் தருவார்.