அரிசி வாளிக்குள் பத்து மணி

அஜாக்ஸில் எங்கள் ஒழுங்கை முட்டி நிற்கும் ஒழுங்கை:
ஒன்பது வீடு, ஒரு தீயணைப்புக் குழாய், பிறகு வேலி.
அதனால் கார் குறைவு.
அதனால் ஏப்ரல் வந்தால் வீதியெல்லாம் ஹொக்கி.

கோல் காக்க ஆளில்லை என்று
போன வருடம் என்னைக் கூப்பிட்டான் சாகித்தியன்.
பகிடிக்குத்தான்.
நான் சோபாத் தலகணி இரண்டை
பழைய சால்வையால் முழங்காலில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
முதல் பந்து மூக்குக்கண்ணாடியில்.
இரண்டாவது வயிற்றில்.
மூன்றாவதை எப்படிப் பிடித்தேனென்று தெரியாது;
கண்ணை மூடியிருந்தேன்.
"உன் அம்மா பரவாயில்லையடா" என்றான் டெஷோன், ஆங்கிலத்தில்.
மகன் நிலத்தைப் பார்த்துச் சிரித்தான்.
அந்தச் சிரிப்பைக் கண்டு இரண்டு வருடம்.

"கார்!" என்று யாராவது கத்தினால்
வலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓரம் போவார்கள்.
பதினைந்து வயது
ஏன் என்று கேட்காத ஒரே சட்டம் அது.

என் சட்டங்களுக்கு ஏன் உண்டு, ஏனுக்கு மேல் ஏன் உண்டு.
இரவு பத்துக்குப் போன் அரிசி வாளிக்குள்.
ஏன் அரிசி வாளி?
மூடியைத் திறந்தால் சத்தம் போடும், அதுதான்.

மே மாதத்து நீள வாரக் கடைசி.
சிம்கோ ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ், பெரியவர்கள் இல்லை,
காரோட்டப் போகிறவன்
லைசென்ஸ் எடுத்து ஆறு கிழமை.
"இல்லை" என்றேன்.
"நீங்கள் ஃப்ரெண்ட் மாதிரி எண்டு நினைச்சன்."
நேராக வந்தது அது,
தலகணி கட்டாத இடத்தில்.
பிறகு, சட்டி கழுவும்போது, நல்ல நல்ல மறுமொழியெல்லாம் வந்தது.
அந்த நேரம் வாயில் இருந்தது "இல்லை" மட்டும்.

மூன்று நாள் கதைக்கவில்லை.
போனை எறிந்த எறியில் குசினியெங்கும் அரிசி.
ஒரு சொல்லும் சொல்லாமல் கூட்டினேன்.
பொய். ஒரு சொல் சொன்னேன்.

நாலாம் நாள் பின்னேரம்
கராஜ் கதவில் டக், டக்.
தனியே அடிப்பவனிடம்
பந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.
உடுப்பு மடித்தபடி கேட்டேன்.
ஏழு சட்டைவரை பொறுத்தேன்.
பிறகு தலகணி.

வலையை இழுத்து வைத்தான், என்னைப் பார்க்காமல்.
மனதில் கிடந்த அத்தனையையும் சேர்த்து அடித்தான்.
பதினொரு கோல். தொடையில் ஒரு நீலம்.
ஒன்றைத் தடுத்தேன்.
"லக்" என்றான்.
மூன்று நாளுக்குப் பிறகு முதற் சொல்.

"அடுத்ததைப் பிடிக்காட்டி, இண்டைக்குப் போன் என்னட்டை."
"விளையாட்டு வேற. வாளி வேற."
உதட்டைச் சுழித்தான். அடித்தான். கோல்.
பத்து மணிக்கு வாளி மூடி கேட்டது,
கொஞ்சம் பலமாகத்தான்.

காலையில் அரிசி அள்ளப் போனால்
உருண்டையாக ஏதோ சுண்டில் முட்டியது.
செம்மஞ்சள் பந்து.
அதில், கறுப்பு மார்க்கரில், கோணல் தமிழில்:
கோலியும் பத்துக்குப் படுக்க வேனும்.

ஆறு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
இன்னும் ஒரு சுழி குறைவு.
நான் சிரிக்கிறது கேட்டு எழும்பிவிடுவான் என்று
தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.